அக்கா கடித்துத் தந்த பாதி

சின்ன வயதில் புழுக்கொடியலை அக்கா சட்டை நுனியில் சுற்றித்தான் கடிப்பாள். காக்காய்க் கடி. துணி சுற்றினால் எச்சில் இல்லை என்பது எங்கள் சட்டம். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு விறகுபோல இருக்கும். அவளுடைய பல்லுக்கு அது 'டக்'கென்று உடையும். பெரிய பாதி எப்போதும் எனக்கு. அவள் கனடா போன பிறகும் எத்தனையோ புழுக்கொடியல் தின்றிருக்கிறேன். பாதி தர ஆளில்லாமல் அது என்ன தீனி?

போன வருடம் தொலைபேசியில், "ஆடிக்கு வாறன். ஒரு கிழமைதான் லீவு, ஏழே நாள். புழுக்கொடியல் வாங்கி வை, ரெண்டு பேரும் சேர்ந்து கடிப்பம்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே பயமும் பிடித்தது.

பல் தீட்டும்போதெல்லாம் எனக்கு முரசில், அதுதான் பல் ஈறில், இரத்தம் வரும். பிறஷ்தான் குத்துகிறது என்று நானே முடிவுகட்டி, அந்தப் பக்கத்தைத் தொடாமலே விட்டிருந்தேன். நொந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, ஒரு கராம்பை அடக்கிக்கொள்வேன். எங்கள் தெரு ஒழுங்கையில் பாதிப் பேரின் வைத்தியம் இதுதான். நோ நின்றால் நோயும் போய்விட்டது என்று நினைப்பு. இப்போது பற்கள் ஆடத் தொடங்கியிருந்தன.

மருதனார்மடத்தில் ஒரு பல் டொக்டரிடம் போனேன். மகள் வயதுப் பெண்.

"அன்ரி, இரத்தம் வாற இடத்தைத்தான் வடிவாத் தீட்டவேணும். தீட்டாமல் விட்டதாலை ஊத்தை கல்லாகி முரசை அரிச்சுப்போட்டுது."

"தீட்டினா இன்னும் இரத்தம் வருமே?"

"மெத்தெண்ட சொவ்ற் பிறஷாலை காலமையும் படுக்க முன்னமும் மெல்லமாத் தீட்டுங்கோ. கொஞ்ச நாளிலை நிண்டிடும்."

கல்லைச் சுரண்டி எடுத்தாள். அவள் சொன்னபடியே இரத்தம் நின்றது. ஆனால் கடைவாய்ப் பற்கள் சிலவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. மிச்சப் பற்களால் இறுக்கமான எதையும் கடிக்கக் கூடாது என்றாள். வீட்டுக்கு வந்து அழுதேன், பல்லுக்காக இல்லை.

அக்கா வந்தாள். பயணப் பையைக்கூடத் திறக்காமல், சால்வை நுனியில் புழுக்கொடியலைச் சுற்றிக் கடித்தாள். அதே 'டக்'. பெரிய பாதியை என்னிடம் நீட்டினாள். நான் வாயைத் திறந்து காட்டினேன். அவள் முகம் வாடிப்போனது.

"கொண்டா, இடிச்சு மாவாக்கித் தாறன்."

"வேண்டாம்."

அந்தப் பாதியை அப்படியே கன்னக் கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டு அவளோடு ஒட்டி உட்கார்ந்தேன். ஊறுவதற்கு நெடுநேரம் எடுக்கும். எடுக்கட்டும். ஒரு கிழமையில் அவள் போய்விடுவாள்.