பின்பாதி அக்காவிடம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் சொல்லித் தருபவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். வருஷக்கணக்கில் அதை மிதித்து மிதித்து, டீச்சரின் வலது காலுக்குத் தனிப் புத்தி வந்துவிட்டது. எங்கே உட்கார்ந்தாலும் தரையை மிதிக்கும். சினிமாவில் லாரி குறுக்கே வந்தால் மிதிக்கும். அக்கா வீட்டில் அத்தான் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு போனாலும் மிதிக்கும். "உன் தங்கச்சி எனக்கு பிரேக் போடறா" என்று அத்தான் அக்காவிடம் புகார் சொல்வார்.

பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். நாற்பத்தெட்டு வயது. தனி வீடு, மாடியில் இரண்டு அறை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், நேரம் கிடைக்கவில்லை என்பாள். கேட்டவர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது.

அக்காவுக்கும் அவளுக்கும் சின்ன வயதிலிருந்து ஒரு பழக்கம். ஒரு புத்தகம் வாங்கினால் யார் முதலில் படிப்பது என்று முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை நடக்கும். ஒருநாள் அக்கா காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து புத்தகத்தை நடுமுதுகில் பிளந்தாள். முன்பாதி தங்கைக்கு, பின்பாதி அக்காவுக்கு. முடிந்ததும் மாற்றிக்கொள்வது. முடிவு தெரிந்த பிறகுதான் ஆரம்பம் ருசிக்கும் என்பது அக்காவின் கட்சி. தன் பாதியில் என்ன இருக்கிறது என்று மற்றவளிடம் சொல்லக்கூடாது என்பது சட்டம். இப்போது இருவராலும் ஆளுக்கொன்று வாங்க முடியும். ஆனாலும் பிளக்கிறார்கள்.

போன வாரம் அக்கா ஒரு நாவலின் முன்பாதியைக் கொடுத்தனுப்பினாள். "படிடி, நல்லா இருக்கும்போல இருக்கு" என்று போனில் சொன்னாள். அவளே அப்போதுதான் தன் பாதியைப் பிரித்திருந்தாள்.

நாவலில் நீச்சல் சொல்லித்தருகிற ஒருத்தி. தனியாள், வயது ஐம்பதை நெருங்குகிறது. மனைவியை இழந்த ஒருவர் அவளிடம் கற்றுக்கொள்ள வருகிறார். மாதங்கள் போகின்றன. மனிதர் மூழ்கிக்கொண்டே இருக்கிறார். டீச்சர் ஒரு வாய் காபி குடித்துவிட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். எழுதியவரை அவளுக்குத் தெரியாது. அவருக்கும் இவளைத் தெரிய வழியில்லை.

அவளிடம் ஒரு பல் டாக்டர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். அவருக்கும் மனைவி இல்லை. நேராக ஓட்டுவார், திரும்புவார், எல்லாம் சரி. பின்பக்கமாக எடு என்றால் மட்டும் கம்பத்தில் இடிப்பார். அதனாலேயே டெஸ்டில் மறுபடி மறுபடி தோற்றார். பல்லின் வேருக்குள் மயிரிழை பிசகாமல் ஊசி விடுகிற கைக்கு இவ்வளவு பெரிய கம்பம் எப்படித் தெரியாமல் போகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முன்பாதியை முடித்தாள். கடைசிப் பக்கத்தில் நீச்சல்காரி ஒரு காலையில் சீக்கிரமே குளத்துக்கு வருகிறாள். மூழ்குகிற மனிதர் தனியாக, மீன் மாதிரி நீந்திக்கொண்டிருக்கிறார். அவள் கரையில் நிற்கிறாள். அங்கே கத்தி இறங்கியிருந்தது. டீச்சரின் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் வகுப்பில் ஒரு குறுகலான தெருவுக்குள் போனார்கள். எதிரே குப்பை லாரி வந்து அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தது. இருபுறமும் ஸ்கூட்டர்கள். டாக்டர் பதற்றத்தில் எல்லாவற்றையும் மறந்தார். கண்ணாடியைப் பார்த்தார், வளைத்தார், ஒரு ஸ்கூட்டரையும் உரசாமல் தெருமுனைவரை வண்டியைப் பின்னுக்கே கொண்டுபோய் ஓரமாக நிறுத்தினார். அவள் பிரேக்கைத் தொடக்கூட இல்லை.

லாரி அவர்களைத் தாண்டிப் போனது.

"எத்தனை நாளா டாக்டர்?" என்றாள்.

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார். "பாஸாயிட்டா கிளாஸ் முடிஞ்சிடுமே டீச்சர்."

பிறகு, மயக்க ஊசி போடாமல் பல்லைப் பிடுங்குகிறவர்போல ஒரே மூச்சில் கேட்டுவிட்டார்: தன்னைக் கல்யாணம் செய்துகொள்வாளா? அவள் வியாழக்கிழமை சொல்வதாகச் சொன்னாள். பல்லுக்கு வைத்தியம் பார்க்கிறவர் தன் பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டாள். பின்பாதி உடனே வேண்டும். அக்கா இன்னும் முடிக்கவில்லை. சரி, என்ன ஆகிறது என்றாவது சொல் என்றாள். இத்தனை வருஷத்தில் சட்டத்தை மீறச் சொல்லி அவள் கேட்டதேயில்லை. அக்காவுக்கே திகைப்பாகிவிட்டது.

"ஒரு ஆளு இருக்கான்டி. எந்நேரமும் அடுப்படியில நின்னு பாட்டுப் பாடறான். யாருன்னே தெரியல. பேரு கிடையாது, அவர் அவர்னே போகுது."

"நல்லா நீந்துவாராக்கா?"

"நீச்சலா? என் பாதியில குளிக்கக்கூட யாரும் தண்ணிப்பக்கம் போகல. ஏன் கேக்கற?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் அக்கா சிரித்த சிரிப்பில் அத்தான் வந்து என்ன என்ன என்று கேட்பதும், போங்க அப்புறம் என்று அக்கா விரட்டுவதும் கேட்டன. பிறகு அக்கா குரலைத் தாழ்த்தி, ராத்திரிக்குள் முடித்துவிடுகிறேன், காலையில் அத்தானிடம் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டாள்.

டீச்சர் யோசித்தாள். யாரோ ஒரு நீச்சல்காரி என்ன சொன்னாள் என்று பார்த்துவிட்டுத் தான் சொல்வது, பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சை எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"வேணாம்க்கா. நானே வந்து வாங்கிக்கறேன்."

வியாழக்கிழமை டாக்டரிடம் முதலில் பாஸாகச் சொன்னாள். அவள் பக்கம் பிரேக் இல்லாத வண்டியில் அவரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பதில். அடுத்த டெஸ்டில் அவர் கம்பங்களுக்கு நடுவே வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் பின்னுக்குப் போனார். தேர்வு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை டாக்டரின் சொந்த வண்டியில் ஏறினாள். கால் பழக்கத்தில் பிரேக்கைத் தேடியது. வெறும் ரப்பர் விரிப்புதான் இருந்தது. முதல் சிக்னலில் மிதித்தாள், இரண்டாவதில் மிதித்தாள். பாலம் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க போகணும்?" என்றார் அவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அக்கா வீட்டுக்கு. பாதிப் புத்தகம் வாங்கணும். உங்களையும் காட்டணும்."

வண்டி லேசாக ஆடியது. அவள் மடித்த காலைப் பிரிக்கவில்லை.

அக்கா வீட்டுச் சந்துக்குள் பின்பக்கமாகத்தான் போக முடியும். அவர் போனார். அக்கா வாசலில் பின்பாதியோடு நின்று, வண்டி சுவரை ஒட்டி நிற்கும்வரை பார்த்தாள். டாக்டர் இறங்கி வணக்கம் சொல்வதற்குள், தங்கையின் பக்கத்து ஜன்னலில் குனிந்து கேட்டாள்:

"இவரு பாட்டுப் பாடுவாராடி?"