லேசான கவசம்

என் மனைவிக்குக் கோபமே வராது என்று நினைத்திருந்தேன். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய பிறகும் ஒரு மனுஷன் இவ்வளவு முட்டாளாக இருக்க முடியுமா? முடியும், நான் இருந்தேன். எங்கள் வீட்டில் கோபம் என் இலாகா. நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன், நாள் முழுக்க கிரீஸும் கத்தலும்தான். அவள் முன்னறையில் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்குத் தைப்பவள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வேலை செய்வதால் பேச்சும் குறைவு.

எங்களுக்கு ஒரே மகள், செய்தித்தாளில் புகைப்படக்காரி. போன வருஷம் கலவரத்தைப் படமெடுக்கப் போனவளின் இடது விலாவில் ரப்பர் குண்டு அடித்தது. இரண்டு எலும்பு முறிந்தது, மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அனுப்பியவர் அவளுடைய பத்திரிகை ஆசிரியர். "முதல்ல போட்டோ, அப்புறம்தான் பாவ புண்ணியம்" என்பது அந்த மகானின் வேதம். ஆபீசில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "நம்ம கவசச் சட்டை மட்டும் இல்லேன்னா, பிள்ளை இன்னிக்கு உயிரோட இல்லம்மா" என்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். என் மனைவியோ அவருக்கு நாற்காலி போட்டாள், கையெடுத்துக் கும்பிட்டாள், அவர் உரித்துக் கொடுத்த சுளையை வாங்கித் தின்றாள். அன்றிலிருந்து நான் அந்த ஆளை வாயால் கொல்லாத நாளில்லை. "கையில கிடைச்சான்னா லிஃப்ட்டுக்குள்ள பூட்டிட்டுச் சாப்பிடப் போயிடுவேன்" என்பேன்.

"சும்மா இருங்க. அவர் குடுத்த கவசம்தான் பிள்ளையக் காப்பாத்துச்சு" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிப்பாள்.

அந்தக் கவசம் அவள் கைக்கும் பழக்கம். மகளுக்குத் தொளதொளவென்று இருந்ததால், முதல் தடவை போட்டுப் போகுமுன் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தது அவள்தான். "அட, பஞ்சு மாதிரி லேசா இருக்கே" என்று மெச்சினாள். "புது மாடலாம்மா" என்றாள் மகள். அடிபட்ட பிறகு விலாப்பக்கத்துக் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டதும் அவளே. கறுப்பு நூல் தீர்ந்துபோய்க் கருநீலத்தில் இரட்டைத் தையல் அடித்தாள்.

போன மாதம் ஒரு சினிமா வந்தது. கதை இனி வரப்போகும் காலத்தில் நடக்கிறது. ஆறுகளுக்கெல்லாம் சுவர் எழுப்பிவிட்டார்கள், தண்ணீருக்காக ஒரே நாட்டுக்காரர்கள் இரண்டு படையாகி வெட்டிக்கொள்கிறார்கள், மூன்று பத்திரிகைக்காரர்கள் நடந்தே போய்ச் செய்தி சேர்க்கிறார்கள். ஆசிரியர் தியேட்டரையே மொத்தமாகப் பிடித்து, ஞாயிறு பகல் காட்சிக்கு ஊழியர்களைக் குடும்பத்தோடு அழைத்தார். புகைப்படக்காரர்கள் பன்னிரண்டு பேரும் கவசமும் கேமராவுமாக வரவேண்டும், முடிந்ததும் மேடையில் அவர் வீரத்தைப் பற்றிப் பேசுவார். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மகள் எல்லைச் சண்டைக்குக் கிளம்புகிறாள். பத்து நாள், அதே கவசத்தில்.

நான் திரையைப் பார்க்கவில்லை, முன்வரிசையில் தெரிந்த அவர் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் கதாநாயகி களைத்துப்போய்க் கவசத்தைக் கழற்றுகிறாள். உள்ளேயிருந்து ஒரு தகடு நழுவித் தோழன் காலில் தொம்மென்று விழுகிறது, அவன் ஒற்றைக் காலில் குதிக்கிறான். தியேட்டரே சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை.

"ஏங்க, அதுக்குள்ள தகடு இருக்குமா?"

"பின்ன? அதுதானே குண்டத் தடுக்கும்."

அவள் கை மகளின் விலாப்பக்கம் போனது. தைத்த இடத்தை அமுக்கிப் பார்த்தாள். பிறகு நெஞ்சு, முதுகு. "என்னம்மா, கூசுது" என்றாள் மகள். திரையில் ஊரே எரிந்து முடிந்து விளக்குப் போட்டார்கள். நான் சும்மா இருக்காமல், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கதையில நிஜத் தகடு வெச்சிருக்கானுங்க" என்றாள்.

மேடையில் ஆசிரியர் எங்கள் மகளை அழைத்தார். கூடவே இவளும் ஏறினாள். பெற்றவள் நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்து எல்லோரும் கைதட்ட, "அம்மா ரெண்டு வார்த்தை பேசணும்" என்று அவரே மைக்கை நீட்டினார். நுணலும் தன் வாயால் கெடும்.

"கழட்டு" என்றாள் மகளிடம். அவருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்து, கருநீலத் தையலைச் சரசரவென்று பிரித்தாள். உள்ளே கைவிட்டு இழுத்தாள். சோபாவுக்கு வைப்பார்களே, அந்த மஞ்சள் ஸ்பாஞ்ச் வந்தது.

"ஐ, தலையணை" என்றது பின்வரிசையில் ஒரு குழந்தை.

ஆசிரியருக்கு வியர்த்தது. "அம்மா, இது விழாவுக்குன்னு குடுத்த மாதிரி பீஸ்..."

"என் தையல் எனக்குத் தெரியாதா? கறுப்பு நூல் இல்லாம நீலத்துல தெச்சேன். இதப் போட்டுக்கிட்டுத்தான் என் பிள்ளை அடிவாங்கினா. இதுக்குத்தான்யா உன்னக் கும்பிட்டேன்!" ஸ்பாஞ்சை அவர் மார்பில் வைத்து அழுத்தினாள். "போட்டுக்க. செவ்வாக்கிழமை நீ போ. லேசா இருக்கும், புது மாடல்."

எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

மற்ற பதினொரு பேரும் கவசத்தைக் கழற்றிக்கொண்டு மேடையேறினார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நாலில்தான் தகடு இருந்தது. ஸ்பாஞ்சைக் கீழே போடவும் தோன்றாமல், "யாரும் போட்டோ எடுக்காதீங்க, ப்ளீஸ்" என்று கெஞ்சினார் அந்தப் பெரிய மனுஷர். என் மகள் ஏற்கெனவே கேமராவைக் கண்ணில் வைத்திருந்தாள்.

"முதல்ல போட்டோ சார்" என்றாள். "அப்புறம்தான் பாவ புண்ணியம்."

செவ்வாய்க்கிழமை அவள் எங்கும் போகவில்லை. அன்று காலை போட்டிப் பத்திரிகையின் முதல் பக்கத்தில், ஸ்பாஞ்சை நெஞ்சோடு அணைத்தபடி ஆசிரியர் நின்றார். அதை வெட்டி நான் வேலை பார்க்கும் லிஃப்ட் அறைக் கதவில் ஒட்டினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இப்பவாவது மனசு ஆறுச்சா?" என்று கேட்டேன். மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள், வாயில் குண்டூசி இல்லை.

"ஆறல. நான்தான் பிடிச்சுத் தெச்சேன், லேசா இருக்குன்னு வேற மெச்சினேன். அந்தாளு குடுத்த சுளை இன்னும் தொண்டையிலயே நிக்குதுங்க."