கண், கண், தாடை

கள்ளக்குறிச்சியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் மூன்று வருடம் பேனர் வடிவமைத்தேன். ஒரு நாள் கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். தங்கைக்குக் கண்ணீர் அஞ்சலி. பத்தொன்பது வயது, காய்ச்சல். அவளுக்கு இருந்த ஒரே படம், பரீட்சைக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பேனர் அகலமானது. படத்தின் இரு பக்கமும் காலியாக இருக்கவே, ஓரத்தைப் பிடித்து இழுத்து நிரப்பினேன். கன்னம் சற்றுப் பூசினாற்போல் ஆனது. அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் அவர் பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அம்மா இத வாசல்ல கட்ட வுடலங்க. எம் பொண்ணு இல்ல, வேற யாரோ வந்து நிக்கறாங்கன்னு அழுதுகினே இருக்குது."

"அதே போட்டோதாங்க அண்ணே."

"நானும் அதான் சொன்னேன். ஆனா பாத்தா எனுக்கே பயமா இருக்குதுங்க."

பேனரைத் தரையில் விரித்தேன். அந்த முகத்தின்மேல் மண்டியிட்டு டேப்பை வைத்தேன். போட்டோவில் கண்ணுக்குக் கண் ஒரு சென்டிமீட்டர், கண்ணிலிருந்து தாடைக்கு ஒன்றரை. பேனரில் கண்ணுக்குக் கண் முப்பது. அப்படியானால் தாடைக்கு நாற்பத்தைந்து வர வேண்டும். முப்பத்திரண்டுதான் வந்தது.

இரு கண்ணும் தாடையும் ஒரு முக்கோணம். வடிவொத்த முக்கோணங்களில் ஒத்த பக்கங்கள் ஒரே விகிதத்தில் இருக்கும். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிய வரி. அது என்ன சொல்கிறது என்று அன்றுதான் புரிந்தது. எத்தனை மடங்கு பெரிதானாலும் கோணம் மாறக்கூடாது. நான் அவள் தாடையின் கோணத்தை விரித்துவிட்டிருந்தேன்.

எல்லாப் பக்கமும் ஒரே மடங்காகப் பெரிதாக்கி, புதிதாக அச்சடித்து, நானே அவரோடு போனேன். கரும்பு வெட்டுகிற அம்மா அது. கட்டி முடித்ததும் எதிரே வந்து வெகுநேரம் நின்றது.

"இப்பதான் என்னப் பாக்குது," என்றது.

கடையிலிருந்து திரும்ப எடுத்துவந்த பழைய பேனரை அவர் அதற்குள் வைக்கோல் போர்மேல் போர்த்தியிருந்தார். பஸ்ஸுக்கு நடந்தபோது பார்த்தேன். அந்த அகன்ற முகம் கல்வராயன் மலைப் பக்கம் திரும்பி மல்லாந்து கிடந்தது. எந்தத் தாயும் பெறாத ஒருத்தி. கடையை விட்டு வந்தும் பல வருடமாகிறது. இறந்துபோன பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்க்க முயல்கிறேன். ஒவ்வொரு முறையும் இவள்தான் வருகிறாள்.