இரண்டாவது மாத்திரை

2022 ஜூன் 6, திங்கட்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். அரியலூரில் ஓர் இலைகூட அசையவில்லை. பகலெல்லாம் போன சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசி இறங்காமல் நின்று சூரியனை மங்கலாக்கியிருந்தது. நான் மருந்துக்கடையில் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர், பின்னால் மூன்று பேர்.

மருந்து என் மனைவிக்கு. அவளுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. எனக்கு அறுபத்து நான்கு. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து சூடு. மார்பிலிருந்து கிளம்பி முகத்துக்கு ஏறும், ரவிக்கை நனைந்துவிடும். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், பதினேழு தடவை. மதியத்தில் பாய்கூட விரிக்காமல் சிமெண்டுத் தரையில் படுப்பாள். எழுந்து போன பிறகு அவள் உருவம் தரையில் ஈரமாகக் கிடக்கும். தலை, தோள், இடுப்பு எல்லாம் தெரியும். அது காய்ந்து மறையும்வரை நான் அதை மிதிக்கமாட்டேன். சுவரோரமாகச் சுற்றிப் போவேன்.

பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்ட அன்று நான் மட்டும்தான் போயிருந்தேன். டாக்டரம்மா இரண்டு மருந்து எழுதினார். ஒன்று ஹார்மோன் மாத்திரை, தினமும். இன்னொன்று கேப்ஸ்யூல், மாதத்தில் பன்னிரண்டு நாள்.

"மொதல் மாத்திரை சூட்டக் கொறைக்கும். ரெண்டாவது கர்ப்பப்பைக்குக் காவல். ஒண்ண விட்டுட்டு ஒண்ணு குடுத்துறாதீங்க சார்."

ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் சாமான் எண்ணியவன் நான். முதல் மாத்திரை மாதத்துக்கு இருநூற்று நாற்பது ரூபாய். அதே மருந்து வேறு கம்பெனியில் நூற்று அறுபதுக்குக் கிடைக்கும் என்று விசாரித்து, டாக்டரம்மாவிடமும் கேட்டுக்கொண்டேன். "தாராளமா வாங்குங்க" என்றார். கேப்ஸ்யூல்தான் இடித்தது. ஒன்று முப்பத்து நான்கு. பன்னிரண்டுக்கு நானூற்று எட்டு. அதில் மலிவு எதுவும் அகப்படவில்லை.

கடைக்காரர் அந்த அட்டையை எடுத்தார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன சார், வூட்ல விசேஷங்களா?"

பின்னால் நின்றவர்களில் ஒருவர் விடவில்லை. "ஆடிப்பட்டம் தவறுனா என்னங்க, தைப்பட்டத்துல வெளஞ்சுட்டுப் போவுது!"

எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்க சார். புள்ள தங்குறதுக்கு இதத்தான் எழுதுவாங்க, அதான் கேட்டுட்டேன்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் தானும் சிரித்திருப்பார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி முதல் பதினைந்து வருடம் அந்தச் சொல்லுக்குப் பயந்து வாழ்ந்தோம். கல்யாண வீட்டுப் பந்தியில், பஸ் ஸ்டாண்டில், பால்காரரிடம்கூட. "விசேஷம் ஏதும் உண்டுங்களா?" அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். பிறகு ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அது கேட்டதைவிடக் கொடுமையாக இருந்தது. இருபது வருடமாக எங்கோ போயிருந்த அந்தச் சொல், எனக்காக அந்தக் கடைப் பலகைக்குப் பின்னால் காத்திருந்ததுபோல் தோன்றியது.

"அது வேணாம். மொதல் மாத்திரை மட்டும் குடுங்க" என்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போது நியாயங்கள் தானாக வந்தன. ஐம்பத்து மூன்று வயதில் கர்ப்பப்பைக்கு என்ன காவல்? யாரும் குடிவராத வீட்டுக்கு வாட்ச்மேனா? அப்படித்தான் நினைத்தேன். எழுதக் கூசுகிறது, ஆனால் நினைத்தேன்.

"ரெண்டாவது மருந்து வேணாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாள்.

இருபதே நாளில் பதினேழு நான்காயிற்று. தரை காய்ந்தது. மதியம் கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்கினாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. நான் அழைத்துப் போகவில்லை. பழைய சீட்டையே காட்டி வேறொரு கடையில் வாங்கினேன். பதினான்கு மாதத்தில் கேப்ஸ்யூலில் ஐயாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு, டாக்டர் பீஸில் அறுநூறு, ஆக ஆறாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் மிச்சம்.

அடுத்த வருட ஆடியில் ஒரு காலை, அவள் சமையலறைக்குள் போகாமல் வெளியிலேயே நின்றாள்.

"திரும்ப வந்துருச்சுங்க."

"எது?"

"தீட்டு."

அவள் முகத்தில் வெட்கம் இருந்தது. கூடவே, நான் எதிர்பார்க்காத ஒரு வெளிச்சமும் இருந்தது. அந்தக் காலத்தில் செய்ததுபோலவே தனிப் பாய், தனித் தட்டு எடுத்துக்கொண்டாள், விளக்கைத் தொடவில்லை. மூன்று நாள் நான் சமைத்தேன். மூன்று நாளில் நிற்கவில்லை, ஐந்தாம் நாளும் நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் டாக்டரம்மாவிடம் போனோம்.

"ரெண்டு மருந்தும் சரியாச் சாப்புடுறீங்களாம்மா?"

"ஒண்ணுதானுங்களே. இன்னொண்ணு வேணாம்னு நீங்கதான் சொன்னீங்களாம்ல?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நான்தான் வாங்கல" என்றேன்.

"மொதல் மாத்திரை கர்ப்பப்பைக்குள்ள சதைய வளத்துக்கிட்டே போவும் சார். ரெண்டாவதுதான் அத அடக்கும். பதினாலு மாசம் அடக்காம விட்டிருக்கீங்க."

"வயசாயிருச்சுங்க டாக்டர், மறந்திருப்பாரு" என்றாள் என் மனைவி. அவளுக்குத் தெரியும், எனக்கு எதுவும் மறக்காது.

சதையைச் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். இன்னும் புற்றாகவில்லை, அதற்கு முந்தைய படி. கர்ப்பப்பையை முழுதாக எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் தெரியும் என்றார்கள். எடுத்தார்கள்.

"அட்டெண்டர் யாருங்க? வந்து பாத்துக்கங்க" என்று நர்ஸ் கூப்பிட்டார். எடுத்ததை வீட்டாருக்குக் காட்டுவது வழக்கம். எவர்சில்வர் தட்டில் ஒரு கைப்பிடி அளவு இருந்தது. பிறகு அதை மருந்துத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு, பெரம்பலூர் லேபில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். கையில் இருந்தது யார் கல்யாணத்திலோ கொடுத்த தாம்பூலப் பை. அதில் வைத்துப் பஸ் ஏறினேன். மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மடியில் அப்படி எதையும் வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் போனதே இல்லை.

பக்கத்தில் தொப்பி போட்ட பெரியவர், லப்பைக்குடிக்காடு போகிறவர். பையைப் பார்த்தார்.

"விசேஷத்துக்குப் போயிட்டு வர்றீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"மாஷா அல்லாஹ். நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

"தெரியலைங்க."



எட்டாம் நாள் முடிவு வந்தது. புற்று இல்லை. டாக்டரம்மா புதுச் சீட்டு எழுதினார். "கர்ப்பப்பை இல்லைல்ல, இனிமே ரெண்டாவது மருந்து வேணாம்" என்றார். நான் சொன்ன பொய், சொல் மாறாமல் அவர் வாயிலிருந்து வந்தது.

அன்று வீட்டில் அவளிடம் மருந்துக்கடையில் நடந்ததைச் சொன்னேன். பணத்தை மட்டும் நினைத்துச் செய்யவில்லை என்றும் சொன்னேன்.

"ஆமாங்க, விசேஷந்தான்னு சொல்லிட்டு வாங்கியாந்திருக்கலாம்ல" என்றாள். "ஒரு தடவையாச்சும் சொன்னாப்ல இருந்திருக்கும்."

மாத்திரையை நிறுத்தி வைத்திருந்ததால் சூடு திரும்ப வந்திருந்தது. பேச்சை முடித்துவிட்டு எழுந்து போனாள். அவள் உட்கார்ந்திருந்த இடம் ஈரமாக இருந்தது. அது காயும்வரை நான் அங்கேயே இருந்தேன்.

ஆஸ்பத்திரி, ஆபரேஷன், லேப், பஸ் எல்லாம் சேர்த்து எழுபத்து மூவாயிரத்து நூற்று அறுபது ரூபாய். மிச்சம் பிடித்ததைக் கழித்தால் அறுபத்தாறாயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு.