எங்கள் ஹாலில் பறக்கிறவர்

போன மாதம் நான் ஒரு லாரியை நிறுத்தினேன்.

நம்ப மாட்டீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிவிட்டால்கூட, கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் எங்கள் ஊர் முதலமடையில், மாங்காய் ஏற்றிய லாரிக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

எதற்கு? ஒரு சினிமா போஸ்டருக்கு.

அன்றைக்கு எங்கள் தோப்பு மாங்காய் ஷெட்டில் பேக்கிங் ஆகிக்கொண்டிருந்தது. மரப்பெட்டிக்கு அடியில் பழைய பேப்பர், அதன்மேல் வைக்கோல், அதன்மேல் மாங்காய். பேப்பர் விரிக்கிற வேலை சரசுவுக்கு. வீட்டுக்காரருக்குக் காப்பி கொண்டுபோன நான் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரசு ஒரு பெரிய தாளை உதறி, மடித்து, பெட்டிக்குள் போட்டாள். அந்த ஒரு நொடியில்தான் கண்ணில் பட்டது. பச்சை உடுப்பு. முதுகில் பறக்கும் மஞ்சள் அங்கி. கண்ணை மட்டும் மறைத்த கறுப்புத் துணி...

எனக்கு அவரைத் தெரியும்.

எங்கே பார்த்தோம் என்று யோசித்து முடிப்பதற்குள் மாங்காயை நிரப்பி ஆணி அடித்துவிட்டார்கள். பெட்டி லாரியில் ஏறிவிட்டது. டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். "நிறுத்துங்க" என்று சொல்லத்தான் நினைத்தேன். குரல் வரவில்லை. கால் வந்தது.

டிரைவர் தலையை நீட்டினார். "என்னங்கம்மா, பெட்டி ஏதாச்சும் உட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க... கடைசியா ஏத்துன பெட்டிக்கு அடியில ஒரு ஆளு இருக்காருங்க."

டிரைவர் குதித்து இறங்கினார். "ஆளுங்களா? உசுரு இருக்குதுங்களா?"

"பறப்பாருங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

பெட்டியை இறக்கிப் பிரித்தார்கள். வீட்டுக்காரர் ஓடி வந்தார். "ஏம்புள்ள, வெயிலு தலைக்கேறிப்போச்சா?" என்றார். சரசு மட்டும் ஒன்றும் கேட்காமல் தாளை உருவி, வைக்கோலைத் தட்டி, என்னிடம் நீட்டினாள்.

"பழைய பேப்பர் கட்டுல வந்துச்சுங்கம்மா. எங்கியோ மூடுன சினிமாக் கொட்டாயில இருந்து அள்ளிட்டு வந்தாங்களாமா. இன்னும் ரெண்டு கெடக்குது. வேணுங்களா?"

வேணும்.

அவரை எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தி வீட்டில் இருந்தபோது, எதிரே ரேஷன் கடைச் சுவரில் அவரை ஒட்டினார்கள். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளைச் சினிமாவுக்கு அனுப்ப மாட்டார்கள். அதனால் படம் என்றால் எனக்குப் போஸ்டர் மட்டும்தான். கதை? நானே கட்டிக்கொண்டேன். ஒரு நாள் கிணற்றில் விழுந்த எங்கள் எருமையை ஒற்றைக் கையால் தூக்கிக் கரையில் விட்டார். இன்னொரு நாள், எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத மழை மேகத்தை முதுகால் தள்ளிக்கொண்டு வந்தார். அந்தப் படத்தை இன்றுவரை நான் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? அதில் எருமை இருக்காது.

மறுநாள் மூன்று போஸ்டரையும் சுருட்டிக்கொண்டு கொல்லங்கோட்டில் ஒரு பிரேம் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடி அறுத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"ஆருங்க, அப்பாருங்களா?"

"இல்லீங்க..."

"அடியில தோற்றம், மறைவு எழுதோணுங்களா?"

"வேண்டாமுங்க."

"சீரியல் பல்பு?"

தாளை விரித்தேன். அவர் நிமிர்ந்தார். மஞ்சள் அங்கி, முகமூடி, பேண்டுக்கு மேலே போட்ட ஜட்டி... எல்லாவற்றையும் மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தார்.

"சாமியும் இல்ல. செத்தவங்களும் இல்ல. அப்பறம் எதுக்குங்க பிரேமு?"

நியாயமான கேள்விதான். நம் வீடுகளில் சுவரேற இரண்டே வழிதானே இருக்கிறது? ஒன்று, சாமியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்துப்போக வேண்டும். சும்மா பிடித்துப்போன ஒருவருக்கு எங்கே இடம்?

பிரேம் போட்டு வாங்கிவந்த அன்றைக்கு, பஸ்ஸில் இதையே யோசித்தேன். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்து, என் மூத்த மகனுக்கே தலை நரைத்துவிட்டது. இத்தனை காலத்தில் என் இஷ்டத்துக்குச் சுவரில் ஒரு ஆணி அடித்திருக்கிறேனா? சாமி படம் மாமியார் மாட்டியது. மாமனார் படம் வீட்டுக்காரர் மாட்டியது. உரக்கடைக் காலண்டரை உரக்கடைக்காரரே வந்து மாட்டிவிட்டுப் போனார். அவருக்கு இருக்கிற உரிமைகூட எனக்குக் கிடையாதா?

மறுநாள் வீட்டுக்காரர் தோப்புக்குப் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். சில ஆணி வளைந்தது. சுத்தியல் ஒரு தடவை கட்டை விரலில் விழுந்தது. ஆனால் கடைசியில் மூன்று படமும் நின்றுவிட்டது. நடுவில் மஞ்சள் அங்கிக்காரர், மாங்காய்ப் பால் பட்ட கறையோடு. அவருக்கு இந்தப் பக்கம், பாலத்தைத் தோளில் தாங்கும் ஒரு தடியர். அந்தப் பக்கம், முழங்கால்வரை பூட்ஸ் போட்டு மாடிக்கு மாடி தாவும் ஒரு பெண். படங்களின் பெயர் இருந்த இடத்தையெல்லாம் எலி தின்றிருந்தது.

இறங்கி நின்று பார்த்தேன். தயிர்சாதம் மாதிரி வெளுத்துக் கிடந்த ஹாலில் யாரோ கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டினது போல இருந்தது. அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை ஹாலுக்கே எடுத்துவந்துவிட்டேன். பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் ரசம்கூட ருசியாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இதென்ன, ஊடா, கொட்டாயா?"

"ஊடுதானுங்க."

"ஞாயித்துக்கெழம நோம்பிக்கு அக்கா வருது. அதுக்குள்ள கழட்டிரு. மோட்டார் ரூம்ல மாட்டிக்க. பாம்பாச்சும் பயந்து ஓடும்."

நோம்பி என்றால் எங்கள் பக்கம் ஊர்த் திருவிழா. அக்கா என்றால் வீட்டுக்காரருக்கு அக்கா. எனக்கு நங்கையா. அவர் வருகிறார் என்று தெரிந்தால் அடுப்படியில் டம்ளர்கூட வரிசையில் நிற்கும்.

கழற்றுகிறேன் என்றும் நான் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தினமும் ஸ்டூலைத் தூக்கிவந்து சுவருக்குக் கீழே வைப்பேன். அண்ணாந்து பார்ப்பேன். ஸ்டூலைத் திரும்பக் கொண்டுபோய் அடுப்படியில் வைப்பேன். இப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நங்கையாவும் வந்துவிட்டார் — எங்களுக்குப் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரத்தோடு.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்தார்.

"டேய் தம்பி, இத ஆருடா மாட்டுனது?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "கோயமுத்தூருப் பேரன் வந்திருந்தான்க்கா. ஏதோ வெளையாட்டுக்கு..."

பேரன் வந்து மாதக்கணக்காகிறது. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார், தெரிகிறது. நல்ல மனுஷர். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பேரனின் விளையாட்டு என்று நங்கையாவும் சிரித்துவிடுவார். மறுநாள் மூன்று படமும் மோட்டார் ரூமுக்குப் போயிருக்கும்.

"நான்தானுங்க மாட்டுனேன்" என்றேன்.

வந்துவிட்டது, குரல். எனக்கே ஆச்சரியம்.

நங்கையா என் பக்கம் திரும்பினார். "எதுக்கு அம்மிணி?"

எதுக்கு? சுவரில் விரிசல் இருந்தது, மறைத்தேன். பேரன் ஆசைப்பட்டான். வெறும் சுவர் வீட்டுக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்கள்... வாய் நிறையக் காரணம் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"புடிச்சிருந்துச்சுங்க. மாட்டுனேன்."

வெளியே நோம்பி மைக் செட்டில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். நங்கையா கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவருக்குப் பக்கத்தில் போனார். பூட்ஸ் போட்ட பெண்ணிடம் நின்றார்.

"இவ ஆரு?"

"ஊருல ஒருத்தருக்குக் கஷ்டம்னா மாடிக்கு மாடி தாவிப் போயிருவாளுங்க." அந்த நிமிஷம் கட்டிய கதைதான்.

"முட்டி வலிக்காதா?"

"அதுக்குத்தானுங்க பூட்ஸு."

முட்டி வலிக்கு ஆனைகட்டி வரைக்கும் போய் எண்ணெய் வாங்கித் தேய்க்கிறவர் நங்கையா. மெதுவாகத் தலையை ஆட்டினார். "எம்பட ரூம்ல ஒரு செவுரு சும்மாதான் கெடக்குது. மருமக அதுல அவ கல்யாணப் போட்டோவ மாட்டறதுக்கு முந்தி இவளக் கொண்டுபோயி மாட்டிப்போடோணும். இவள எனக்குக் குடுப்பயா?"

"அக்கா, உனக்கெதுக்கு..." என்றார் வீட்டுக்காரர்.

"நீ சும்மா இர்ரா. ஏறிக் கழட்டு. கண்ணாடி பத்திரம்."

வீட்டுக்காரரேதான் ஸ்டூலில் ஏறிக் கழற்றினார். தன் வெள்ளை வேட்டி ஒன்றில் சுற்றினார். சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தார். சரசு அதைப் பார்த்துவிட்டு ஷெட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாளாம்.

எனக்கு ஒன்று புரிந்தது. "எதுக்கு?" என்று நம்மை மிரட்டிக் கேட்கிறவர்களில் பாதிப் பேர், "எனக்கும் ஒண்ணு" என்று கேட்கத் தெரியாமல்தான் அப்படிக் கேட்கிறார்கள். நாம்தான் பயந்துபோய் முதலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம்.

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு பார்க்கிறேன் — ஒரு கையில் நங்கையாவின் கடிகாரம், இன்னொரு கையில் சுத்தியலோடு வீட்டுக்காரர் ஹால் நடுவில் நிற்கிறார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்புள்ள... இத எங்க மாட்டட்டும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்காத கேள்வி. சட்டென்று பதில் சொல்லி அதை வீணாக்குவேனா?

"யோசிச்சுச் சொல்றனுங்க" என்றேன்.

கடிகாரம் இன்னும் மேசைமேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.