சித்தியின் கட் ஷூ

பத்தாவதோடு நின்றவள் நான். எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சிக் கடையில் என் மகள் தினமும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போக, தட்டையான தோல் கட் ஷூ வாங்கினாள். பெட்டியைத் திறந்ததும் வந்த புதுத்தோல் வாசனையில் எனக்குச் சித்தி நினைவு வந்தது.

ஆஸ்பத்திரி வேலை கிடைத்ததும் சித்தி வாங்கியதும் இதே மாதிரி கருப்பு கட் ஷூதான். வேலையில் சேரப் போன அன்று பஸ் ஏற அவளோடு அம்மாவும் நானும் போனோம். நிலக்காரர்கள் தெருவைத் தாண்ட வேண்டும். எங்கள் ஆட்கள் தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அம்மாவும் கழற்றினாள்.

"நீயும் கழட்டுடி. நாளைக்கி எனுக்குக் களையெடுக்குற வேல இல்லன்னுடுவாங்க."

சித்தி கழற்றவில்லை. அம்மாவுக்கு வேலை தருகிறவர் வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா புள்ள, கால்லயே போட்டுக்கினு போற?"

"கையில மாட்டிப் பாத்தேங்க. பொருந்தலங்க."

சித்தி சிரிக்கவுமில்லை, நடையைக் குறைக்கவுமில்லை. அந்தத் தெருவில் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி அவ்வளவு நிமிர்ந்து நடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் அம்மாவைக் களையெடுக்க வர வேண்டாம் என்றார்கள். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு, அந்தத் தெரு வழியாகவே கச்சிராயபாளையத்துக்குக் கரும்பு வெட்டப் போனாள்.