படகில் கிடைத்த சம்பந்தி

“அப்பா, கோதண்டம் மாமா தவறிட்டாங்க” என்று என் மகள் வித்யா பெங்களூரிலிருந்து கூப்பிட்டுச் சொன்னபோது நான் வாஷ்பேசின் முன்னால் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்குச் செய்தி சொன்னவர் அவளுடைய முன்னாள் கணவர் தினேஷ். விடியற்காலையில் மாரடைப்பு, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. குழப்பம்தான் வந்தது. அயனம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போக வேண்டும், அதில் இரண்டாவது யோசனை இல்லை. ஆனால் யாராகப் போவது? சாவு வீட்டில் நுழைகிற ஒவ்வொருவருக்கும் ஓர் உறவுமுறை உண்டு. எனக்கும் ஒன்று இருந்தது. தினேஷின் தந்தை கோதண்டம் என் சம்பந்தி. பிள்ளைகளின் விவாகரத்தோடு அந்த முறை போய்விட்டது.

நம் குடியிருப்பு மலரில் இதுவரை தண்ணீர்த் தொட்டி பராமரிப்பைப் பற்றி மட்டுமே எழுதியவன் நான். குடும்ப விஷயம் கலந்த இதை எழுதலாமா என்று வித்யாவிடம் கேட்டேன். “மாமாவைப் பத்தித்தானே, எழுதுங்கப்பா” என்றாள். இங்கே காட்டுப்பாக்கத்தில் சிலர் அவரைப் பார்த்திருப்பீர்கள். ஞாயிறு காலைகளில் நம் கேட்டுக்கு வெளியே மொபெட்டில் உட்கார்ந்தபடி ஹாரன் அடித்து, காவலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

கோதண்டம் அவர்கள் அயனம்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மண்ணூர்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பேட்டரியால் ஓடும் சரக்கு தூக்கும் வண்டியை ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். பிள்ளைகள் காதலித்திராவிட்டால் நாங்கள் இருவரும் ஒரே பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்கூடப் பேசியிருக்க மாட்டோம். நிச்சயதார்த்தத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “சம்பந்தி, நான் கொஞ்சம் சத்தமா பேசுவேன். சண்டைன்னு நெனச்சிக்காதீங்க” என்றார். அதன்பிறகும் சில மாதங்கள் நான் சண்டை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களைச் சேர்த்த படகு பிள்ளைகளுடையது. கல்யாணமான புதிதில் ஆசைப்பட்டு, பழைய பாய்மரப் படகு ஒன்றை இருவரும் வாங்கினார்கள். இரண்டு பேர் உட்காரலாம், ஃபைபரில் செய்தது. வேலை நெருக்கடியில் இரண்டு தடவைக்குமேல் அவர்களால் அதைத் தொட முடியவில்லை. கோதண்டம் வீட்டுப் பக்கத்தில் அது வெயிலில் காய்ந்து கிடந்தது. “சும்மா கெடந்தா நாய் குட்டி போடும் சம்பந்தி. நாம ஓட்டலாம்” என்றார் அவர். அயனம்பாக்கம் ஏரியில் படகு விட அனுமதி வேண்டுமே என்று நான் சொன்னதும், அந்த வேலை என் தலையில் விழுந்தது. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அதை வாங்கினேன். பிறகு, போகாமல் இருக்க எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

பாயின் அடியில் குறுக்காக ஒரு கம்பு உண்டு. படகு திரும்பும்போது அது தலை உயரத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசும். சுக்கான் பிடித்தவர் குரல் கொடுக்க வேண்டும், மற்றவர் தலையைத் தாழ்த்த வேண்டும். சம்பந்தியைப் பார்த்து ‘குனி’ என்று எப்படிச் சொல்வது? “குனிஞ்சுக்கோங்க சம்பந்தி” என்று நான் முடிப்பதற்குள் கம்பு அவர் நெற்றியைச் சேர்ந்திருக்கும்.

“மரியாதைய கரையிலயே வச்சிட்டு வாங்க சம்பந்தி. மண்ட ஒடையுது.”

“வாய் வர மாட்டேங்குதுங்க.”

“அப்ப நான் இன்னா, ஹெல்மெட் போட்டுகினு வரதா?”

அடுத்த ஞாயிறு மொபெட் ஹெல்மெட்டோடுதான் படகில் ஏறினார். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் நான் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தேன். அவர் அவர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

காற்றைப் பற்றி அவர் சொன்னது ஒருநாளும் பலித்ததில்லை. “இன்னிக்கு பாருங்க, காத்து பின்னிடும்” என்பார். நடு ஏரியில் பாய் தொங்கிப் போகும். அப்படி ஒருநாள் ஆகாயத்தாமரைக்குள் ஒதுங்கி, கொளுத்தும் வெயிலில் மாட்டிக்கொண்டோம். ரத்த அழுத்த மாத்திரை வீட்டில் இருந்ததால் எனக்குப் படபடப்பு அதிகமானது. தெர்மோகோல் மிதவையில் உட்கார்ந்து வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எங்களிடம் வந்தார்.

“இன்னா நைனா, காத்து லீவு போட்டுகிச்சா?”

“பேசாத இழுடா” என்றார் கோதண்டம்.

இவ்வளவு பெரிய பாயைக் கட்டிக்கொண்டு, ஒரு தெர்மோகோல் துண்டின் பின்னால் நாங்கள் கரை சேர்ந்தோம்.

அந்த வாரமே அவர் மோட்டார் வாங்கிவிட்டார். டிரோலிங் மோட்டார் என்று பெட்டியில் போட்டிருந்தது. மீன் பிடிப்பவர்கள் சத்தமில்லாமல் மெல்ல நகர்வதற்காகச் செய்த சின்ன மின்மோட்டார். படகின் பின்பலகையில் திருகிப் பிடிக்க வைத்து, தண்டைத் தண்ணீருக்குள் இறக்கினால் விசிறி சுழன்று தள்ளும். கார் பேட்டரி போன்ற ஒரு பேட்டரி போதும். “இது எனக்காக வாங்கல. உங்க முகம் அன்னிக்கு போன போக்கு எனக்குத் தாங்கல” என்றார். பேட்டரியைப் படகின் நடுவில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் தாழ்ந்துவிடும் என்று மட்டும் சொன்னேன்.

மோட்டாரை இயக்கும் முறையை நான் வகுத்தேன். கரையிலிருந்து மோட்டாரில் கிளம்பி, படகின் மூக்கைக் காற்றை நோக்கி நிறுத்தி, பாயை ஏற்றி, பிறகு மோட்டாரைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட வேண்டும். திரும்பி வரும்போது குறைந்த வேகம். அப்போதுதான் பேட்டரி தாங்கும். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு முழு வேகத்தில் வைப்பார். ஒருமுறை பாய் புடைத்து நிற்கிறது, காற்றும் நன்றாக வீசுகிறது, படகோ நகரவில்லை. “பின்னால எவனோ புடிச்சி இழுக்கறான் சம்பந்தி” என்றார். எட்டிப் பார்த்தால் மோட்டார் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தோம்.

பிறகு பிள்ளைகள் பிரிந்தார்கள். யார் மீதும் குற்றம் சொல்ல எனக்கு ஏதுமில்லை, அவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை. விவாகரத்து ஆனபின் ஞாயிறுகளில் ஹாரன் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. எந்த உரிமையில் கூப்பிடுவது? வெயில் காலம் முழுவதும் அப்படியே போனது. பிறகு ஒருநாள் தொலைபேசியில் அவர் குரல், எந்த விளியும் இல்லாமல்: “பேட்டரி சார்ஜ் போட்டு வச்சிகீறேன். வரீங்களா?”

பேருந்தில் போகும்போது, அவரை எப்படி அழைப்பது என்று யோசித்து ஒன்றை முடிவு செய்துகொண்டேன். அன்று பாய் ஏற்றவில்லை. மோட்டாரை அவர் மிகக் குறைந்த வேகத்தில் வைத்திருந்தார். டீசல் என்ஜினாக இருந்தால் அந்தச் சத்தத்துக்குள் இரண்டு பேரும் ஒளிந்துகொண்டிருக்கலாம். இதில் தண்ணீர் விலகுவது மட்டும்தான் கேட்டது. நடு ஏரிக்கு வந்ததும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“மிஸ்டர் கோதண்டம்…”

அவர் மோட்டாரை நிறுத்தினார்.

“இன்னா சொன்னீங்க?”

நான் பாயின் கயிற்றைப் பிரித்துத் திரும்பச் சுற்றினேன்.

“மிஸ்டரா? பேங்க்ல கூட என்ன அப்டி கூப்புட்டதில்ல.” கையைக் கரைப் பக்கம் நீட்டினார். “அதுங்க கட்டிகிச்சிங்க, அதுங்களே அவுத்துகிச்சிங்க. நம்மள எந்த ஜட்ஜு பிரிச்சாரு? கோர்ட்ல என் பேர கூப்ட்டாங்களா, உங்க பேர கூப்ட்டாங்களா? சொல்லுங்க சம்பந்தி.”

“இல்லைங்க.”

“இல்லைங்க… அப்புறம்?”

“இல்லைங்க, சம்பந்தி.”

“ஆங்” என்று மோட்டாரைப் போட்டார்.

ஆனால் அது ஏரிக்குள் மட்டும்தான். கரையில் அவருடைய உறவினர் யாராவது நின்றால் எனக்கு அந்தச் சொல் வராது, அவரும் வற்புறுத்தமாட்டார். போன வருடம் ஒரு காலையில், ஆகாயத்தாமரை சிக்கிய விசிறியைச் சுத்தம் செய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “தினேஷுக்கு பொண்ணு பாத்தாச்சு. தையில கல்யாணம். உங்கள கூப்புட எனக்கு வாய் வரல.” நல்ல செய்தி என்றேன். மனதார அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இனி அவருக்கு முறையான சம்பந்தி ஒருவர் வருகிறார் என்பதும் தோன்றாமல் இல்லை. அடுத்த ஞாயிறும் ஹாரன் கேட்டது.

செய்தி வந்த அன்று, போரூரில் ஒரு ஜவுளிக்கடையில் கோடி வேட்டி ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். இறந்தவருக்குச் சம்பந்தி வீட்டார் புதுத்துணி போர்த்துவது வழக்கம். பையிலிருந்து அதை வெளியே எடுப்பேனா என்பது வாங்கும்போதே எனக்குச் சந்தேகம்தான்.

தெருவில் ஷாமியானா. செருப்புகள் குவிந்திருந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். மேளம் முழங்க, தினேஷின் புது மாமனார் மாலையும் கோடியுமாக வந்தார். திருத்தணிப் பக்கத்துக்காரராம், அமைதியான மனிதர். அவர் போர்த்தினார். இவ்வளவுதான், கிளம்பிவிடலாம் என்று பையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். அப்போது கோதண்டம் அவர்களின் துணைவியார் ஆதிலட்சுமி அம்மாள் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தார். அழுது அழுது குரல் உடைந்திருந்தது.

“யார்ரா அது, சம்பந்திய செருப்பு வுடற எடத்துல நிக்க வச்சிகீறது?”

கோதண்டத்தின் அண்ணன் விழித்தார். “சம்பந்திதான் போட்டாச்சே?”

“இவரு வூட்டு சம்பந்தி. அவரு ஏரி சம்பந்தி. வூட்ல உங்க தம்பி அப்டிதான் சொல்லுவாரு. ஏரி சம்பந்தியாண்ட போயிட்டு வரேன்னுதான் ஞாயித்துக்கெயம கெளம்புவாரு. வாங்கண்ணா, இன்னா அங்கியே நின்னுகினு கீறீங்க!”

எனக்கு இப்படி ஒரு முறை இருப்பதே அப்போதுதான் தெரியும். தினேஷ் வந்து என் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனார். புது வேட்டியின் மடிப்பு என் கைக்குப் பிரியவில்லை. புது மாமனார் எழுந்து வந்து, “நீங்க அந்தப் பக்கம் பிடிங்க சார்” என்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாகப் போர்த்தினோம். கோதண்டத்தின் முகத்தில் கோபம்போல ஒன்று இருந்தது. பேச வாயெடுக்கும்போதெல்லாம் அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

சாவு வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. வழக்கங்களை மீறி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் மேளம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், அத்தனை உறவினர்களும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

“வரேன், சம்பந்தி.”